புதன் பின்னேரத்துச் சங்கீதமும் வியாழன் காலையும்

பரந்தன் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். புதன்கிழமை பின்னேரங்களில் ஏழெட்டுப் பெண்கள் ஒரு வீட்டு விறாந்தையில் கூடிச் சங்கீதம் வாசித்து ஜெபிக்கிறார்களாம். கத்தோலிக்கரும் வருகிறார்கள், மற்றச் சபைகளுக்குப் போகிறவர்களும் வருகிறார்கள். "வாசிக்கும்போது மனதுக்கு இதமாக இருக்கிறது, வீட்டுக்குப் போனால் ஒன்றும் நிற்பதில்லை. அன்றாட வாழ்க்கைக்கு இதிலிருந்து பாடம் எடுப்பது எப்படி? சாபம் போடுகிற சங்கீதங்களை விட்டுவிடலாமா? 91ஆம் சங்கீதம் வாசித்தால் எங்களில் ஒரு அக்கா அழுகிறா, என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

மூன்று கேள்விக்கும் வேர் ஒன்றுதான் சகோதரி. புதுவருட ஆராதனையில் வாக்குத்தத்தச் சீட்டு எடுப்பதுபோல நாங்கள் சங்கீதத்தைத் திறக்கிறோம். கையில் வந்த ஒரு நல்ல வசனத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டு மீதியை மூடிவிடுகிறோம். சங்கீதம் என்பது முதலில் ஜெபம். வேதாகமத்தின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலும் கடவுள் மனிதரோடு பேசுகிறார். இந்த 150 பாட்டுகளில் பெரும்பாலும் மனிதர் கடவுளோடு பேசுகிறார்கள். முறையிடுகிறார்கள், கெஞ்சுகிறார்கள், கோபிக்கிறார்கள், நன்றி சொல்கிறார்கள். அந்த மனிதர் எந்த இடத்தில் தொடங்கினார், எந்த இடத்தில் திரும்பினார், எங்கே போய் நின்றார் என்று கூடவே நடந்து பார்த்தால்தான் பாடம் கிடைக்கும். ஒற்றை வசனத்தில் அந்த நடை தெரியாது.

இதைச் செய்ய நாற்பது நிமிடம் போதும். ஐந்து முதல் பன்னிரண்டு வசனம் உள்ள சங்கீதமாக எடுங்கள். நீளமானதை எடுத்தால் வாசிப்பிலேயே நேரம் போய்விடும். முதல் வாசிப்பு ஒருவர் சத்தமாக, அவசரமில்லாமல். இரண்டாவது வாசிப்பில் ஒவ்வொரு வசனத்தின் முதற் பாதியை ஒருவர் சொல்ல, மறு பாதியை மற்றவர்கள் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாமார் இருந்தால் மட்டும், நீளமென்றாலும் 136ஆம் சங்கீதத்தில் தொடங்குவது நல்லது. அதில் 26 வசனம், 26 தடவையும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று முடியும். மூன்றாம் வசனத்திலேயே எல்லோரும் சேர்ந்துவிடுவார்கள்.

பிறகு பென்சிலை எடுத்து, யார் யாரோடு பேசுகிறார் என்று பாருங்கள். இது சின்ன வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் கூட. 23ஆம் சங்கீதம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். முதல் மூன்று வசனத்தில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்", "மேய்த்து", "கொண்டுபோய் விடுகிறார்" என்று கடவுளைப் *பற்றி*ப் பேச்சு. நாலாம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சு மாறுகிறது: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." புல்லும் தண்ணீரும் இருந்தவரை அவரைப் பற்றிச் சொன்னவர், இருட்டுக்குள் போனதும் அவரிடமே நேராகப் பேசுகிறார். இதைக் கண்டுபிடித்த பிள்ளை அந்தச் சங்கீதத்தை இனி வெறும் பாடமாக ஒப்புவிக்காது. 42ஆம் சங்கீதத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பும்: "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" அங்கே அவர் தன் மனதையே பிடித்து வைத்துக் கேட்கிறார்.

அடுத்தது திருப்பம். "ஆனாலும்", "நானோ", "நீரோ" என்ற சொற்களின் கீழே கோடு போடுங்கள். அதோடு, "நோக்கிப்பாரும்", "செவிகொடும்", "இரட்சியும்" என்று கேட்கிற சொற்களை வட்டமிடுங்கள். கடைசியாக ஒவ்வொருவரும் கொப்பியில் தன் சொந்தச் சொல்லில் ஒரே ஒரு வரி எழுத வேண்டும், நாளை பொழுது படுவதற்குள் செய்யக்கூடியதாக. "நான் கடவுளை இன்னும் நம்ப வேண்டும்" என்று எழுதினால் அது நிற்காது. அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. "நாளைக்கு மச்சாளின் வீட்டுக்குப் போய் அந்த ஆயிரம் ரூபாயைக் கொடுப்பேன்" என்று எழுதினால் வியாழன் காலையில் அது கதவைத் தட்டும்.

இனி ஒரு சங்கீதத்தை முழுதாகப் பிரித்துப் பார்ப்போம். 13ஆம் சங்கீதத்தில் ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" நாலு தடவை வருகிறது: எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர், எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே ஆலோசனைபண்ணிக்கொண்டிருப்பேன், எதுவரைக்கும் என் சத்துரு என்மேல் தன்னை உயர்த்துவான். நாலும் ஒரே கேள்வி போலத் தோன்றும். உற்றுப் பாருங்கள்: முதல் இரண்டும் கடவுளைப் பற்றியவை, மூன்றாவது தன்னைப் பற்றியது, நாலாவது எதிரியைப் பற்றியது. துன்பப்படுகிறவரின் நோவு இந்த மூன்று பக்கத்தாலும் வரும். கடவுள் பாராமுகமாக இருக்கிறார் என்ற நோவு, இரவில் நித்திரை இல்லாமல் மனதுக்குள்ளேயே சுழல்கிற நோவு, செய்தவன் நன்றாக இருக்கிறானே என்ற நோவு. கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் "உங்களுக்கு எந்த எதுவரைக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் ஒன்றுபோல இராது.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரத்தில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக அவர்கள் கேட்டதும் இந்த ஒரு சொல்லைத்தான். இது விசுவாசக் குறைவு என்று சொல்கிற போதகம் உண்டு. அதை நான் அடியோடு மறுக்கிறேன். சங்கீதப் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் முறைப்பாடுகள்தான் இருக்கின்றன. கடவுளிடம் முறையிடக் கூடாது என்றால் அந்தப் பக்கங்கள் வேதத்தில் இடம் பிடித்திருக்காது.

மூன்றாம், நாலாம் வசனத்தில் முறைப்பாடு விண்ணப்பமாகிறது. "நோக்கிப்பார்த்து", "செவிகொடுத்தருளும்", "என் கண்களைத் தெளிவாக்கும்" என்று மூன்று வேண்டுதல். கடைசி இரண்டு வசனத்தில் நம்பிக்கை: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." நாலாம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் இடையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். வெளியில் ஒன்றும் நடக்கவில்லை. எதிரி போகவில்லை, செய்தி வரவில்லை. ஜெபித்தவர் தன் நோவைச் சொல்லி முடித்திருக்கிறார், அவ்வளவுதான். ஆகவே ஐந்தாம் வசனத்தைக் கைத்தடியாக எடுத்து அழுகிறவரின் முதுகில் தட்டாதீர்கள். அவர் முதல் இரண்டு வசனத்தில் எத்தனை மாதம் நிற்க வேண்டுமோ அத்தனை மாதம் நிற்கட்டும். ஐந்தாம் வசனத்தை அவருக்காக மற்றவர்கள் சொல்லலாம். கூட்டமாக ஜெபிப்பதன் பலன் அதில்தான் இருக்கிறது. 88ஆம் சங்கீதத்தில் அந்தத் திருப்பம்கூட இல்லை. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று இருட்டில் நின்றுவிடுகிறது. அதை வாசிக்கும் நாளில் முடிவில் மகிழ்ச்சியான பாட்டு ஒன்றை ஒட்டவைக்க வேண்டாம். மௌனமாக எழும்பிப் போங்கள்.

எபிரெயக் கவிதை எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் தெரிந்தால் வாசிப்பு இன்னும் ஆழமாகும். எங்கள் பாட்டில் எதுகை மோனை ஓசையில் விழும். அவர்களுடைய பாட்டில் ஒரு வரியின் கருத்தை அடுத்த வரி எடுத்துக்கொண்டு ஓரடி முன்னே வைக்கும், அல்லது எதிராகத் திரும்பும். "அதையேதானே திருப்பிச் சொல்கிறது" என்று தாண்டிப் போகாமல், இரண்டாவது வரியில் புதிதாக என்ன வந்தது என்று கேட்க வேண்டும். முதலாம் சங்கீதத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள்: துன்மார்க்கருடைய ஆலோசனையில் *நடவாமலும்*, பாவிகளுடைய வழியில் *நில்லாமலும்*, பரியாசக்காரர் உட்காரும் இடத்தில் *உட்காராமலும்*. நடந்து போகிறவன் நின்று கேட்கிறான். நின்றவன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்கிறான். குடிப்பழக்கமும் அப்படித்தான் ஒரு வீட்டுக்குள் வருகிறது. சந்தியில் நின்று கதைக்கிற பெடியனிடம் மூன்றாம் கட்டத்தில் போய்ப் பேசுவதைவிட முதலாம் கட்டத்தில் பேசுவது இலகு.

அதே சங்கீதத்தில் "நீர்க்கால்களின் ஓரமாய் நடப்பட்டு" என்று வருகிறது. எபிரெயத்தில் அந்தச் சொல் பிரித்து வெட்டிய வாய்க்காலைக் குறிக்கும். பாலையும் வீரையும் வன்னிக் காட்டில் தானாக முளைத்துக் கோடையைத் தாங்கும். இது அப்படியான மரமல்ல. ஒருவர் கொண்டுவந்து வாய்க்கால் கரையில் வைத்த மரம், வளவுத் தென்னம்பிள்ளை மாதிரி. தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் அது பிழைக்கிறது. தினமும் அதே நேரத்தில், அதே இடத்தில், பத்து நிமிடம் வேதத்தோடு உட்காருங்கள் என்று சொல்வதற்கு வேறு காரணம் தேவையில்லை. "தன் காலத்தில் தன் கனியைத் தந்து" என்பதையும் கவனியுங்கள், ஒவ்வொரு நாளும் காய்க்கும் என்று அங்கே எழுதவில்லை. நாலாம் வசனத்தின் பதரைச் சொல்லவே தேவையில்லை. சூடு அடித்துத் தூற்றியவர்களுக்குத் தெரியும். சப்பி நெல்லும் உமியோடு, நிறத்தோடு, மணிநெல்லைப் போலவேதான் இருக்கும். காற்று வந்தால்தான் உள்ளே அரிசி இல்லை என்று தெரியும்.

காலபோக விதைப்புக்கு முன் 126ஆம் சங்கீதத்தை எடுங்கள். எங்கள் மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமானது ஒன்று இருப்பதாக எனக்குப் படவில்லை. இதுவும் ஆறு வசனம். முதல் மூன்றும் ஞாபகம்: "சீயோனின் சிறையிருப்பைக் கர்த்தர் திருப்பும்போது, சொப்பனம் காண்கிறவர்கள்போல் இருந்தோம்." பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களின் மகிழ்ச்சி. நாலாம் வசனத்தில் ஒரு ஆச்சரியம்: "எங்கள் சிறையிருப்பைத் திருப்பும்" என்று மறுபடியும் கேட்கிறார்கள். திரும்பி வந்தவர்கள் ஏன் திருப்பும் என்று கேட்கிறார்கள்? மீள்குடியேறிய குடும்பம் ஒன்றிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் விளக்கவுரை தேவைப்படாது. ஊருக்கு வந்தாயிற்று, கிணறு தூர்ந்து கிடந்தது, பக்கத்து வீட்டார் இல்லை, சிலருக்குக் காணியே இன்னும் கைக்கு வரவில்லை. நன்றி சொல்வதும் இன்னும் கேட்பதும் ஒரே ஜெபத்தில் இருக்கலாம் என்று இந்தச் சங்கீதம் காட்டுகிறது. "உயிரோடு வந்ததே பெரிது, இனி என்ன கேட்பது" என்று வாயை மூடிக்கொள்ளத் தேவையில்லை.

அதே வசனத்தில் "தெற்கத்தி வெள்ளங்களைத் திருப்புவதுபோல" என்ற உவமை. யூதேயாவுக்குத் தெற்கே நெகேவ் என்ற வறண்ட நிலம். அங்குள்ள ஆறுகள் கோடையில் வெறும் கல்லும் மணலும். மேலே எங்கேயோ மழை பெய்தால் ஒரு நாளில் நிரம்பி ஓடும். ஆவணியில் கனகராயன் ஆற்று மணலில் நடந்தவர்களுக்கு இது விளங்கும். எங்கள் தலைக்கு மேல் ஒரு துளி விழாத நாளிலும் வவுனியாப் பக்கத்து மழை அந்த ஆற்றால் இரணைமடுவுக்கு வரும். ஆனால் அடுத்த இரண்டு வசனம் வேறு உவமைக்குப் போகிறது, அது மெதுவான உவமை. விதைப்பு. கடவுள் சில காரியங்களை ஆற்று வெள்ளம்போல ஒரு நாளில் செய்கிறார், சிலவற்றை நாலு மாதப் பயிராகச் செய்கிறார். இரண்டும் ஒரே சங்கீதத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

"கண்ணீரோடே விதைக்கிறவர்கள்" ஏன் அழுகிறார்கள்? கவலையான மனிதர் விதைக்கப் போனார் என்று மட்டும் எடுத்தால் பாதிதான் விளங்கும். ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் என்றாலே நாற்பது கிலோவுக்கு மேல். பஞ்சத்துக்குள் இருக்கும் வீட்டில் அது பிள்ளைகளின் சோறு. பானையில் போட்டால் இன்றைக்குப் பசி தீரும். அதைக் கடகத்தில் அள்ளிக்கொண்டு போய், மழை வருமோ வராதோ என்று தெரியாமல், புழுதி நிலத்தில் வீசுகிறார். அழுகை அங்கேதான் வருகிறது. ஆறாம் வசனத்தில் அழுகை நின்ற பிறகு அவர் போகவில்லை, "அழுதுகொண்டு போகிறான்". அழுகையும் நடையும் ஒன்றாக. துக்கம் ஆறிய பின் பிள்ளையின் படிப்பைப் பார்க்கலாம், துக்கம் ஆறிய பின் கோயிலுக்குப் போகலாம் என்று காத்திருக்கிற ஒரு தாய்க்கு இந்த வசனம் போதும். அவர் கொப்பியில் எழுத வேண்டியது: இன்றைக்கு நான் வீசக்கூடிய ஒரு பிடி விதை எது? மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போவதாக இருக்கலாம், தோட்டத்தில் இரண்டு பாத்தி கத்தரி வைப்பதாக இருக்கலாம்.

இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. "விதைத்தால் அறுப்பீர்கள்" என்று சொல்லிக் காணிக்கை வாங்க இந்த வசனத்தைப் பாவிப்பார்கள். சங்கீதத்தில் விதைக்கிறவர் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. கடன்பட்டுக் காணிக்கை கொடுக்கச் சொல்லி யாராவது 126ஐ வாசித்தால் மரியாதையாக எழும்பி வந்துவிடுங்கள்.

கடன் என்றதும் 15ஆம் சங்கீதம். ஐந்து வசனம்தான், ஆனால் அன்றாட வாழ்க்கைக்கு நேராகக் கைநீட்டுவதில் இதற்கு நிகர் குறைவு. "யார் உம்முடைய கூடாரத்தில் தங்குவான்?" என்ற கேள்விக்குப் பதிலாக உபவாசமோ தசமபாகமோ வரவில்லை. நாக்கும் வாக்கும் பணமும் வருகின்றன. இரவில் விளக்கை அணைக்க முன் இரண்டு நிமிடம் இதைக் கணக்குக் கொப்பிபோல விரியுங்கள். இன்றைக்கு யாரைப் பற்றிப் புறங்கூறினேன்? "அயலான்மேல் சொல்லப்படும் நிந்தையான பேச்சை எடுக்காமலும்" என்ற வசனத்தில் *எடுக்காமலும்* என்ற சொல்லைக் கவனியுங்கள். கதையை உண்டாக்குவது மட்டுமல்ல, மற்றவர் கீழே போட்ட கதையைக் குனிந்து எடுப்பதும் பாவம். புருஷன் இல்லாமல் தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்ணைப் பற்றி எங்கள் ஊர்களில் எவ்வளவு கதை! வட்ஸ்அப்பில் வந்ததை இன்னொருவருக்குத் தள்ளிவிடுவதும் எடுப்பதுதான்.

"ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்." மூட்டை இன்ன விலை என்று ஒருவரிடம் பேசியாயிற்று, அடுத்த நாள் விலை ஏறிவிட்டது. என்ன செய்வீர்கள்? சங்கீதம் அந்த இடத்தில் வந்து நிற்கிறது. "தன் பணத்தை வட்டிக்குக் கொடாமலும்" என்பதைச் சரியாக விளங்க வேண்டும். மோசேயின் சட்டத்தில், யாத்திராகமம் 22:25இலும் லேவியராகமம் 25ஆம் அதிகாரத்திலும், தடுக்கப்படுவது ஏழைப்பட்டுப்போன சகோதரனிடம் வட்டி வாங்குவது. வங்கியில் வைப்புப் போடுவது பாவமா என்ற விவாதத்துக்கு அது வரவில்லை. நகையை ஈடு வைத்து, நுண்கடன் எடுத்து, அதைக் கட்ட இன்னொரு கடன் எடுத்து மூச்சுத் திணறுகிற பெண்ணுக்கு நாளுக்கு நாள் ஏறும் மீற்றர் வட்டிக்குக் காசு கொடுப்பதுதான் அந்தத் தடைக்குள் நேராக விழுகிறது. அப்படிக் கொடுக்கிறவர் கோயிலில் முன்வரிசையில் இருந்தாலும் இந்தச் சங்கீதம் அவரை வாசலில் நிறுத்தும். இதை வாசித்து மனம் உடைந்தால் அதே இரவில் 130ஐயும் வாசியுங்கள்: "நீர் அக்கிரமங்களைக் கவனித்திருப்பீரானால், யார் நிலைநிற்பான்?" அடுத்த வசனத்திலேயே மன்னிப்பு இருக்கிறது.

இனிச் சாபச் சங்கீதங்கள். 58, 69, 109, 137 போன்றவை. கத்தோலிக்கக் குருக்களும் துறவியரும் அன்றாடம் வேளை வேளைக்குச் சொல்லும் செபத் தொகுப்பான திருப்புகழ்மாலை 1971இல் திருத்தப்பட்டபோது 58, 83, 109 மூன்றும் முழுதாகவே நீக்கப்பட்டன. ஆகவே உங்கள் தயக்கம் புதிதல்ல. என் கருத்து: விட்டுவிடாதீர்கள், ஆனால் ஆயத்தம் இல்லாமல் எடுக்காதீர்கள். "பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்" என்று 137 தொடங்கும்போது எங்கள் கண்ணும் நிறையும். போர் முடிவில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் இருந்தவர்களுக்கு அந்த முதல் வசனம் தங்கள் வாயிலிருந்து வந்ததுபோல இருக்கும். அதே சங்கீதம், எதிரியின் குழந்தைகளைக் கல்லில் மோதியடிக்கிறவன் பாக்கியவான் என்று முடிகிறது. முதல் வசனத்தைப் பாடிவிட்டுக் கடைசி வசனத்தை மறைத்தால், அப்படிப்பட்ட கோபம் தங்களுக்குள்ளும் உண்டு என்று தெரிந்தவர்களுக்கு ஜெபத்தில் இடமில்லாமல் போய்விடும்.

அந்த வசனம் யாருக்குச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். கடவுளின் முன்னால் சொல்லப்படுகிறது. தன் பிள்ளைக்குப் பழிவாங்கக் கற்றுக்கொடுக்கிற வசனம் அங்கே இல்லை. கோபத்தை உள்ளபடி சொல்லி, அதை அவருடைய கையில் விட்டுவிட்டு எழும்புகிறார்கள். "பழிவாங்குதல் எனக்குரியது" என்று ரோமர் 12:19 சொல்வது இதைத்தான். 109இலும் நாலாம் வசனத்தைத் தாண்டிப் போகாதீர்கள்: "நானோ ஜெபம்பண்ணிக்கொண்டிருக்கிறேன்."

வாசிக்கும் முறை இப்படி இருக்கட்டும். நடந்த அநியாயத்தை அவரவர் மனதுக்குள், பெயர் சொல்லாமல், ஒரே வரியில் கடவுளிடம் சொல்லுங்கள். சங்கீதத்தை முழுதாக, வெட்டாமல் வாசியுங்கள். பிறகு லூக்கா 23:34, சிலுவையில் இயேசு சொன்ன மன்னிப்பின் ஜெபம். அதைச் சொல்ல இன்னும் மனம் வராதவரைச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்தாலே அன்றைக்குப் போதும். வேலிச் சண்டையில் பக்கத்து வீட்டாரின் பெயரைச் சொல்லி 109ஐ வாசிப்பது வேறு விஷயம். அது செய்வினை. வேத வசனத்தால் செய்தாலும் செய்வினைதான். ஒரு இனத்தையோ சமயத்தையோ "சத்துரு" என்ற சொல்லுக்குள் போட்டு ஜெபிப்பதும் அதே பாதைதான்.

51ஆம் சங்கீதத்தைப் பற்றி ஒன்று மட்டும். "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு, தாங்கள் அடித்த மனைவியிடமோ தாங்கள் ஏமாற்றிய தம்பியிடமோ மன்னிப்புக் கேட்காமல் தப்புகிறவர்கள் உண்டு. மத்தேயு 5:23, 24ஐப் பக்கத்தில் வையுங்கள். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று அங்கே இருக்கிறது.

உங்கள் கூட்டத்தில் இரண்டு மொழிபெயர்ப்பு இருப்பதைத் தடையாக நினைக்காதீர்கள், அது ஒரு வரம். 121இன் முதல் வசனம் பழைய மொழிபெயர்ப்பில் "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று இருக்கிறது. பர்வதத்திலிருந்தே உதவி வருவதுபோலக் கேட்கும். கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் அது கேள்வி: "எங்கிருந்து எனக்கு உதவி வரும்?" எபிரெயத்திலும் கேள்வியாகவே எடுப்பது பொருந்தும். மலையில் உதவி இல்லை, மலையையும் உண்டாக்கினவரிடமிருந்து வரும் என்று அடுத்த வசனம் பதில் சொல்கிறது. இரண்டையும் சத்தமாக வாசித்தால் பிள்ளைகளே வித்தியாசத்தைப் பிடிப்பார்கள். இலத்தீன் வழிவந்த பழைய செபப் புத்தகங்களில் எண் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும். அங்கே 50 என்றால் இங்கே 51. ஆளுக்கொரு சங்கீதத்தைத் திறந்து வைத்திருந்தால் காரணம் இதுதான். மடு மாதா கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் 120 முதல் 134 வரையான பதினைந்தையும் வழியில் சொல்லலாம். எருசலேமுக்கு ஏறிப் போனவர்களின் பாட்டுகள் அவை. நடைக்கு ஏற்ற நீளம்.

கடைசியாக 91, அந்த அக்காவின் அழுகை. "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது" என்ற ஏழாம் வசனம் 2009இல் முள்ளிவாய்க்காலுக்குப் போய் வந்த ஒருவரின் காதில் எப்படி விழும் என்று நினைத்துப் பாருங்கள். அவருடைய பக்கத்தில் விழுந்தவர்கள் அவருடைய சொந்தங்கள். அவர்களும் இதே சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டு பதுங்குகுழிக்குள் இருந்திருக்கலாம். "விசுவாசம் போதாமல் போயிற்று" என்று யாராவது விளக்கம் சொன்னால் அதை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இந்தச் சங்கீதத்தைத் தாயத்தாகப் பாவிக்கப் பார்த்தவன் சாத்தான். மத்தேயு 4:6இல் 91:11, 12ஐ எடுத்துக் காட்டித்தான் ஆலய உப்பரிகையிலிருந்து குதி என்கிறான். இயேசு குதிக்கவில்லை. அந்தச் சங்கீதத்தை முழு மனதோடு நம்பியவர் சிலுவைக்குப் போனார், 22ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைச் சொல்லிக் கதறினார். ஆகவே 91இன் மையம் பதினைந்தாம் வசனம்: "ஆபத்தில் நானே அவனோடிருந்து." ஆபத்து வராது என்று அங்கே இல்லை, ஆபத்துக்குள் கூட இருப்பேன் என்று இருக்கிறது.

விரியன் பாம்பின்மேல் நடப்பாய் என்று 13ஆம் வசனம் சொல்கிறது என்பதற்காக இரவில் ரோச் இல்லாமல் வயல் வரம்பில் நடக்க வேண்டாம். புடையன் கடித்தால் ஜெபித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். அதுபோலத்தான் மனநோவும். அந்த அக்காவுக்கு வாரக்கணக்காக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்தால் நல்லம் என்று கதைக்கிறார் என்றால், யாராவது ஒருவர் கூடவே போய் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். குளிசையைச் சங்கீதம் தடுக்கவில்லை.

அடுத்த புதனுக்கு 13ஐ எடுங்கள். அவருக்கு விருப்பமென்றால் "எதுவரைக்கும்" என்ற நாலு இடத்தையும் அவரையே வாசிக்க விடுங்கள், மற்றதை நீங்கள் பிரித்து வாசியுங்கள். அழுதால் நிறுத்திப் பொறுங்கள். ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுங்கள், புத்திமதி கொடுக்க வேண்டாம். அதற்கடுத்த கிழமை 23, பிறகு 15. விதைப்பு நெருங்க 126, நல்ல மழை விழுந்த கிழமை 65. "அதின் வரப்புகளைத் தணித்து" என்று எங்கள் வயலைப் பார்த்து எழுதியதுபோல இருக்கும். அறுவடைக்கு 67. இறந்தவர்களை நினைக்கும் கார்த்திகையிலும் மே மாதத்திலும் 130, 88. 91ஐ அந்த அக்கா தானாகக் கேட்கிற நாளில் எடுங்கள், பதினைந்தாம் வசனத்திலிருந்து தொடங்கி.